மைக் செட் முதல் பிணையம் வரை: அம்பத்தூர் வட்டாரமும் டி.ஜே. கருவிகளின் இணைப்புச் சிக்கல்களும்

டி.ஜே. கருவிகளின் பிணைய இணைப்புச் சிக்கல்கள் என்பவை, இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள இசை பிளேயர்கள், மிக்சர், மடிக்கணினி ஆகியவற்றை லேன் கம்பியால் ஒரே பிணையத்தில் சேர்க்கும்போது, ஒரு கருவி மற்றொன்றைக் காணாமல் போவதால் ஏற்படும் தடங்கல்கள் ஆகும். 2009ஆம் ஆண்டுக்குப் பிறகே இவை டி.ஜே. தொழிலில் பரவலாயின. ஆனால் பல கருவிகளை ஒரே கம்பியில் கோத்துப் பாட்டுப் போடும் வழக்கமும், அந்தக் கம்பி பழுதானால் எல்லாம் ஒன்றாக நின்றுபோகும் தொல்லையும் அதைவிடப் பழையவை. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், அதை அடுத்த ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளில் மைக் செட் தொழில் கடந்து வந்த பாதையை வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு எளிதில் விளங்கும்.

அம்பத்தூரும் மைக் செட்டும்

ஏரியும் வயலும் சூழ்ந்த ஊராக இருந்த அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. லேத் பட்டறை, வார்ப்படப் பட்டறை, மின்பொருள் தயாரிப்பு எனச் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடியேற, ஊர் விரிந்தது. நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

தொழிலாளர் நிறைந்த ஊரில் ஒலிபெருக்கிக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல், விநாயகர் சதுர்த்தி, பட்டறைகளில் ஆயுத பூசை, தொழிற்சங்கக் கூட்டம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம் என ஒவ்வொன்றுக்கும் மைக் செட் வாடகைக்கு எடுக்கப்பட்டது. தெருமுனையில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல் ஒலிக்கத் தொடங்கினால்தான் விழா தொடங்கியதாகப் பொருள். 'ரேடியோ செட்காரர்' என்றும் 'மைக் செட்காரர்' என்றும் அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அனுபவத்தில் மின்வேலை கற்றவர்கள். பட்டப்படிப்பு இல்லாவிட்டாலும் ஆம்ப்ளிபயரைத் திறந்து பழுது பார்க்கும் திறமை அவர்களுக்கு இருந்தது.

இரண்டு கம்பிக் காலம்

இந்தியாவில் 1930களிலேயே பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் தேசிய இயக்கக் கூட்டங்களில் பயன்பட்டன. 1940ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபயர்களும் கூம்பு ஒலிபெருக்கிகளும் பின்னர் நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டில் 'அகுஜா' என்ற பெயர் மைக் செட் என்பதற்கு மறுபெயர் போலவே வழங்கியது.

ஒரு தெரு நெடுக ஒலிபெருக்கிகளைக் கட்ட வேண்டுமானால் ஆம்ப்ளிபயரிலிருந்து நீண்ட கம்பி இழுக்க வேண்டும். நீளம் கூடக் கூட மின்திறன் கம்பியிலேயே வீணாகும். இதைக் குறைக்க '100 வோல்ட் லைன்' என்ற முறை கையாளப்பட்டது. ஆம்ப்ளிபயர் தன் வெளியீட்டை உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பும். ஒவ்வொரு கூம்பிலும் உள்ள சிறு மின்மாற்றி அதைக் குறைத்துக் கொள்ளும். மின்வாரியம் தொலைதூரத்துக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே தத்துவத்தில்தான்.

இம்முறையில் எல்லாக் கூம்புகளும் ஒரே இரண்டு கம்பிகளில் தொங்கின. வசதி அதில்தான், ஆபத்தும் அதில்தான். எங்கோ ஒரு மரக்கிளையில் உரசித் தோல் உரிந்து இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் முழுத் தெருவும் ஊமையாகும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க மைக் செட்காரர் ஒரு முறையைக் கையாண்டார். கம்பியை நடுவில் துண்டித்து, ஆம்ப்ளிபயர் பக்கத்துப் பாதி ஒலிக்கிறதா என்று பார்ப்பார். ஒலித்தால் பழுது அடுத்த பாதியில். பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்குவார். பதினாறு ஒலிபெருக்கிகள் இருந்தால் நான்கே சோதனையில் பழுதான இடம் தெரிந்துவிடும். பிணையப் பழுதைத் தேடும் பொறியாளர்கள் இன்று செய்வதும் இதுவே.

இசைத்தட்டு மேசையும் குறுந்தட்டும்

டி.ஜே. என்பவர் இரண்டு இசைத்தட்டுக் கருவிகளை அருகருகே வைத்து, ஒரு பாட்டு முடியும் முன் அடுத்த பாட்டை அதே தாளவேகத்தில் கலந்து, இசை அறுபடாமல் தருபவர். ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட எஸ்.எல்.-1200 கருவியும், 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவமும் உலகெங்கும் இத்தொழிலின் அடையாளமாயின. அக்கருவியில் ஒலிக்கம்பிகளுடன் தனியாக ஒரு மெல்லிய நில இணைப்புக் கம்பியும் உண்டு. அதை மிக்சரில் பூட்ட மறந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். டி.ஜே. மேசையின் முதல் இணைப்புச் சிக்கல் என்று இதையே சொல்லலாம்.

1994இல் பயோனியர் நிறுவனம் சி.டி.ஜே.-500 என்ற குறுந்தட்டுக் கருவியையும், 2001இல் சி.டி.ஜே.-1000 கருவியையும் வெளியிட்டது. இசைத்தட்டைக் கையால் சுழற்றுவது போலவே குறுந்தட்டின் ஒலியையும் கட்டுப்படுத்த முடிந்தது. ஆனால் அதுவரை இரண்டு கருவிகளும் ஒன்றைப் பற்றி ஒன்று எதுவும் அறியாதவை. அவற்றை இணைத்தது டி.ஜே.யின் காது மட்டுமே. ஒன்று பழுதானால் மற்றொன்று தொடர்ந்து பாடும்.

சென்னைப் புறநகரின் திருமண மண்டபங்களில் வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு டி.ஜே. வைக்கும் வழக்கம் பிற்காலத்தில் பெருகியது. மெல்லிசைக் குழுவுக்கும் மைக் செட்டுக்கும் இருந்த இடத்தில் அது பங்கு கேட்டது. பழைய மைக் செட்காரர்கள் பலர் பெயர்ப்பலகையை 'சவுண்ட் சர்வீஸ்' என்று மாற்றிக்கொண்டனர்.

மிடி: கருவிகள் பேசிக்கொள்ளத் தொடங்கியது

இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முதல் பொதுமொழி 'மிடி' ஆகும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ காகேஹாஷியும் அமெரிக்கரான டேவ் சுமித்தும் இதில் முன்னின்றனர். 1983 ஜனவரியில் இரு வேறு நிறுவனங்களின் விசைப்பலகைகள் ஒரே கம்பியில் இணைக்கப்பட்டு மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டன. ஒன்றில் விரல் வைத்தால் மற்றொன்றும் ஒலித்தது. இப்பணிக்காக இருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. தமிழ்த் திரையிசையில் 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தது இத்தொழில்நுட்பத்தின் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் ஒன்று.

மிடியை வகுத்தவர்கள் பழைய இரைச்சல் தொல்லையை நன்கு அறிந்தவர்கள். எனவே செய்தியைப் பெறும் கருவியின் வாயிலில் ஒளி வழித் தடுப்பு ஒன்றை வைத்தனர். செய்தி அங்கே ஒளியாக மாறிக் கடக்கும். இரு கருவிகளின் மின்சுற்றுகளும் நேரடியாகத் தொடாது. நில இணைப்புச் சுழலால் வரும் இரைச்சல் இதனால் தடைப்பட்டது. மிடிக் கம்பியின் நீளம் 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் வகுக்கப்பட்டது.

லேன் கம்பியின் வருகை

அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்சும் 1973இல் தொடங்கிய ஈதர்நெட் முறை, 1983இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. முறுக்கிய இணைக் கம்பிகளில் அதைச் செலுத்தும் தரம் 1990இல் வந்தது. அலுவலகக் கணினிகளுக்காக உருவான இம்முறை, ஒலித்துறைக்குள் 1990களின் இடையில் நுழைந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் 'டான்டே' முறை, பெரிய அரங்குகளில் பல ஒலித்தடங்களை ஒரே லேன் கம்பியில் அனுப்ப வழி செய்தது.

டி.ஜே. மேசைக்கு இது 2009இல் வந்தது. அவ்வாண்டு பயோனியர் வெளியிட்ட சி.டி.ஜே.-2000 கருவியின் பின்புறத்தில் லேன் துளை இருந்தது. ஒரு பிளேயரில் செருகிய யு.எஸ்.பி. நினைவகத்தின் பாடல்களை, பிணையத்தில் உள்ள நான்கு பிளேயர்கள் வரை பகிர்ந்து கொள்ளலாம். பின்னர் வந்த வடிவங்களில், ஒரு பாட்டின் தாளவேகத்தை மற்றொரு பிளேயர் தானாக அறிந்து ஒத்துப்போகும். 2020இல் வந்த சி.டி.ஜே.-3000, தகுந்த மிக்சருடன் சேரும்போது ஆறு பிளேயர்கள் வரை இணைக்க இடம் தந்தது.

யு.எஸ்.பி.கள் பலவற்றைச் சுமக்கத் தேவையில்லை. ஒருவர் இறங்க மற்றொருவர் ஏறினாலும் இசை நிற்பதில்லை. ஆனால் இவ்வசதியோடு பழைய இரண்டு கம்பிக் காலத்தின் இயல்பும் திரும்பி வந்தது. எல்லாக் கருவிகளும் மறுபடி ஒரே வழியைச் சார்ந்தன.

சிக்கல்களின் வகைகள்

முகவரி வேறுபாடு. பிணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் தேவை. ரூட்டர் இருந்தால் அது முகவரி வழங்கும். வீட்டு ரூட்டர்கள் வழங்குபவை பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். ரூட்டர் இல்லாவிட்டால் கருவிகள் தாமாகவே 169.254 எனத் தொடங்கும் முகவரியைச் சூட்டிக்கொள்ளும். எல்லாக் கருவிகளும் ஒரே வகையில் முகவரி பெற்றால் தொல்லையில்லை. பிளேயர்கள் இயங்கத் தொடங்கிய பின் யாரோ மண்டபத்தின் ரூட்டரை இணைத்து, மடிக்கணினி மட்டும் அதனிடம் முகவரி பெற்றால், கம்பி சரியாக இருந்தும் கருவிகள் ஒன்றையொன்று காணா. அம்பத்தூரின் அஞ்சல் குறியீடு 600 053; தொழிற்பேட்டையின் குறியீடு 600 058. பக்கத்துத் தெருவாக இருந்தாலும் கடிதம் வேறு அஞ்சலகத்துக்குப் போவது போன்றதே இது.

எண் மோதல். ஒவ்வொரு பிளேயருக்கும் 1, 2, 3, 4 என வரிசை எண் உண்டு. வாடகைக்கு வந்த இரண்டு பிளேயர்களிலும் 2 என்ற எண்ணை நிலையாக அமைத்திருந்தால் ஒன்று பிணையத்தில் சேராது. வருகைப் பதிவேட்டில் இரண்டு மாணவருக்கு ஒரே எண் எழுதியது போன்ற குழப்பம் இது.

கம்பியும் செருகியும். லேன் கம்பிக்குள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு இருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டு இழைகளிலும் சமமாக ஏறி, பெறும் முனையில் ஒன்றையொன்று அழித்துவிடும். நல்ல மைக் கம்பியும் இதே முறையில்தான் இயங்குகிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். எனவே ஓர் இழை அறுந்த கம்பி பழைய கருவியில் வேலை செய்து, புதிய கருவியில் மெதுவாகலாம் அல்லது இணைப்பே தராமல் போகலாம். செருகியின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால், ஒலிபெருக்கியின் அதிர்விலேயே செருகி மெல்ல நழுவும். நிகழ்ச்சி தொடங்கும்போது சரியாக இருந்து, ஆட்டம் சூடுபிடிக்கும்போது அறுபடும் இணைப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

சுவிட்ச் பெட்டி. இரண்டு கருவிகளுக்கு மேல் இருந்தால் அவற்றின் கம்பிகள் நெட்வொர்க் சுவிட்ச் என்ற சிறு பெட்டியில் கூடும். சில மிக்சர்களில் அது உள்ளேயே அமைந்திருக்கும். தனிப் பெட்டியானால் அதற்கென ஒரு சிறிய அடாப்டர் உண்டு. மேசைக்கு அடியில் நீட்டிப்புப் பலகையில் தொங்கும் அதைப் பலர் மறந்துவிடுவர். மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் எல்லாக் கருவிகளும் அணைந்து, வெவ்வேறு நேரத்தில் விழித்து, வெவ்வேறு முகவரி பெறுவதும் உண்டு. ஒரே பெட்டியின் இரண்டு துளைகளை ஒரே கம்பியால் தவறுதலாக இணைத்துவிட்டால் செய்திகள் முடிவின்றிச் சுழன்று பிணையமே திணறும்.

மடிக்கணினி. மடிக்கணினியில் வைஃபையும் லேனும் ஒரே சமயத்தில் இயங்கினால், மென்பொருள் தவறான வழியில் பிளேயரைத் தேடலாம். புதிய பிணையத்தைப் பொது இடமாகக் கருதிக் கணினியின் பாதுகாப்புச் சுவர் செய்திகளைத் தடுப்பதும் அடிக்கடி நேர்வது.

கம்பியில்லா இணைப்பு. இன்று டிஜிட்டல் மிக்சரைக் கைப்பலகைக் கணினி மூலம் வைஃபையில் இயக்குகின்றனர். மாலையில் காலி மண்டபத்தில் சோதிக்கும்போது நன்றாக இயங்கும். இரவில் நூற்றுக்கணக்கானோர் கைப்பேசியுடன் வந்து நிறைந்ததும் தடுமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உள்ளன. மேலும் மனித உடலில் உள்ள நீர் அவ்வலைகளை உறிஞ்சிக்கொள்ளும்.

பத்து மணி வரம்பு

இச்சிக்கல்கள் சிறியவையாகத் தோன்றினாலும் தொழிலாளிக்கு இழப்பு பெரிது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதியாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு இடமுண்டு.

இவ்விதி முதியோருக்கும் நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும் பாதுகாப்பு. அதே நேரத்தில், முன்பு போல் தாமதத்தை விடியும் வரை பாடி ஈடுகட்ட வழியில்லை. ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சியில் இணைப்புத் தேடியே அரை மணி போனால், அது போனதுதான். வாடகையில் பிடித்தம் செய்யப்படும். அடுத்த விழாவுக்கு அழைப்பு வராது. குற்றம் கம்பியிலா, முகவரியிலா, மண்டபத்தின் ரூட்டரிலா என்று எவரும் கேட்பதில்லை. மேசைக்குப் பின்னால் நிற்பவரே பொறுப்பு.

பழைய அறிவின் பயன்

பழைய மைக் செட்காரரின் பழுது கண்ணுக்குத் தெரிந்தது: உரிந்த கம்பி, கருகிய ஃபியூஸ், துருப்பிடித்த முனை. பிணையப் பழுது கண்ணுக்குத் தெரியாது. கம்பி புதிதாக, விளக்கு பச்சையாக இருக்கும்போதே முகவரி பிழையாக இருக்கலாம். 'இது படித்தவர் வேலை' என்று அனுபவசாலிகள் ஒதுங்குவதற்கு இதுவே காரணம். கருவிகளின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு தடை.

ஆனால் தீர்க்கும் முறையைப் பார்த்தால் அது அவர்கள் ஏற்கெனவே அறிந்ததே. முதலில் மின்சாரம், பிறகு கம்பி, பிறகு முகவரி, கடைசியில் மென்பொருள் என வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கு கருவிகள் இணையாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டை மட்டும் ஒரே கம்பியால் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். அது இயங்கினால் மூன்றாவதைச் சேர்க்கலாம். தெருக் கம்பியைப் பாதியாக்கிப் பழுது தேடியவருக்கு இது புதிதன்று.

முன்னெச்சரிக்கைகளும் எளியவை. டி.ஜே. மேசைக்கென ஒரு தனிச் சுவிட்ச் பெட்டியை வைத்துக்கொண்டு, மண்டபத்தின் இணையத்தை அதில் சேர்க்காமல் இருப்பது நல்லது. சுவிட்ச் பெட்டியை முதலிலும் பிளேயர்களை அடுத்தும் மடிக்கணினியைக் கடைசியிலும் இயக்கலாம். வரிசை எண்களைப் பிளேயரின் மேல் காகிதத்தில் எழுதி ஒட்டலாம். சந்தேகமான கம்பியை அன்றே தனியே எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பாடல் தொகுப்பை இரண்டு யு.எஸ்.பி.களில் நகலெடுத்து, இரு பிளேயர்களிலும் ஒவ்வொன்றைச் செருகி வைத்தால், பிணையம் அறுந்தாலும் பாட்டு நிற்காது. பிந்தைய சில பிளேயர்கள், இணைப்பு அறுந்தால் கடைசித் தாளத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒலித்து அமைதி விழாமல் காக்கும். கூட்டத்துக்கு அது கீறல் விழுந்த ரெக்கார்டு போலக் கேட்டாலும், அடுத்த பாட்டைப் போட டி.ஜே.க்குச் சில நொடிகள் கிடைக்கும்.

இன்றைய நிலை

உதிரிக் கம்பியும் செருகியும் வாங்க அம்பத்தூர்க்காரர்கள் மின்தொடர் வண்டியில் சென்னை சென்ட்ரல் வந்து, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். முன்பு கூம்பு ஒலிபெருக்கியின் டயஃப்ரம் வாங்கிய தெருவிலேயே இன்று லேன் கம்பியும் கிரிம்பிங் கருவியும் வாங்குகின்றனர். அம்பத்தூரிலோ, பழைய பட்டறைகளுக்கு அருகில் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையும், அடுத்த தெரு மண்டபத்தில் இரண்டு பிளேயர்களை இணைக்கும் முறையும் அடிப்படையில் ஒன்றே. தரவு மையத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் மாற்றுக் கம்பி உண்டு. காவலுக்குப் பொறியாளர்கள் உண்டு. மண்டபத்து மேசையில் ஒரே கம்பியும் ஒரே ஆளும்தான்.

தொழில் தெரிந்தவரின் அனுபவமும் பிணையம் பற்றிய அடிப்படைப் பாடமும் தமிழில் ஒன்றுசேர்ந்தால் அந்த ஒரே ஆளின் சுமை குறையும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பயிற்சி பெறும் மாணவருக்கு இதைச் சில மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மைக் செட்காரர் கம்பியை நம்பியும், கம்பியை மட்டுமே நம்பாமலும் தொழில் செய்தவர். கையில் எப்போதும் ஒரு மாற்று வழி வைத்திருப்பார். லேன் கம்பி வந்த பிறகும் அந்தப் பாடம் மாறவில்லை.